எச்.ஐ.வி. உள்ளவர் தன் துணைக்குப் பரவாமல் காப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரிசல்ட்டைச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் தங்களைப் பற்றி முதலில் கேட்பதில்லை. "அவளுக்கும் வந்திருக்குமா மேடம்?", "எங்க வீட்டுக்காரருக்கு நான் குடுத்திருப்பேனா?" என்றுதான் கேட்பார்கள். ஆலோசகராக இருந்த ஆண்டுகளில் இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. இன்று இதற்குத் தெளிவான, உறுதியான பதில் இருக்கிறது. அந்தப் பதில் இன்னும் பல வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பெட்டிக்கடை வைத்திருந்த ஒருவர் நினைவுக்கு வருகிறார். பாசிட்டிவ் என்று தெரிந்த அன்றே தனித் தட்டு, தனி டம்ளர், தனி சோப்பு என்று ஒதுங்கிவிட்டார். துண்டைக்கூட வேறு கொடியில்தான் காயப்போடுவார். படுக்கை திண்ணைக்குப் போய்விட்டது. மனைவிக்கு வந்துவிடக் கூடாது என்ற தவிப்பு, வேறொன்றும் இல்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து வந்தபோது, கொடுத்த மாத்திரையில் பாதிக்கு மேல் அப்படியே டப்பாவில் இருந்தது. தட்டைப் பிரித்தவர் மாத்திரையைப் பிரிக்கவில்லை. துணையைக் காப்பது தட்டில் இல்லை, அந்த டப்பாவுக்குள் இருக்கிறது என்று அவருக்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை.

முதல் படி: எதனால் பரவும் என்று தெளிவாகுங்கள்

விந்து, விந்துக்கு முன் வரும் கசிவு, பெண்ணுறுப்புக் கசிவு, ஆசனவாய்க் கசிவு, இரத்தம், தாய்ப்பால். வைரஸ் இவற்றின் வழியாகத்தான் இன்னொருவர் உடலுக்குள் போகும். எச்சில், வியர்வை, கண்ணீர் வழியாகப் போகாது. ஒரே தட்டில் சாப்பிடுவது, முத்தம் கொடுப்பது, கட்டிப்பிடித்துத் தூங்குவது, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவது, ஒரே கொசு இருவரையும் கடிப்பது, எதிலும் பரவாது. ஆசனவாய் வழி உறவில் ஆபத்து அதிகம், பெண்ணுறுப்பு வழி உறவில் அதைவிடக் குறைவு, வாய்வழி உறவில் மிக மிகக் குறைவு. இவை எல்லாமே மாத்திரை எடுக்காத, வைரஸ் அதிகமாக இருக்கும் நிலைக்கான கணக்கு. ஷேவிங் பிளேடையும் ஊசியையும் மட்டும் யாரோடும் பகிர வேண்டாம்.

இரண்டாம் படி: கூட்டு மருந்தை உடனே தொடங்குங்கள்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986ல், சென்னையில்தான். அப்போது கொடுக்க மருந்தே கிடையாது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு கூட்டு மருந்தை, அதாவது வைரஸை அமுக்கி வைக்கும் சில மருந்துகள் சேர்ந்த ஏ.ஆர்.டி.யை, இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. ஆனாலும் பல ஆண்டுகள், உடலின் எதிர்ப்பு சக்தியைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால்தான் மருந்து. அதுவரை "இன்னும் நேரமிருக்கு" என்று திருப்பி அனுப்புவோம். 2017ல் அது மாறியது. இப்போது சி.டி.4 எவ்வளவு இருந்தாலும், பாசிட்டிவ் என்று உறுதியானதும் மருந்து தொடங்கலாம். இன்றும் சிலர், "எனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு, அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். பழைய விதி மாறிய பிறகும் காதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சீக்கிரம் தொடங்குவது துணையை எவ்வளவு காக்கும் என்பதை உலகுக்குக் காட்டிய ஆய்வில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. எச்.பி.டி.என். 052 என்று பெயர். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத 1763 தம்பதிகள் 9 நாடுகளிலிருந்து அதில் சேர்ந்தார்கள். இந்தியாவில் சென்னையிலும் புணேயிலும் நடந்தது. ஒரு பிரிவினருக்கு உடனே மருந்து, மற்றப் பிரிவினருக்கு சி.டி.4 குறைந்த பிறகு மருந்து. 2011ல் முடிவு வந்தபோது, உடனே தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குப் பரவியது மற்றப் பிரிவைவிட 96 சதவீதம் குறைவாக இருந்தது.

வழி இதுதான்: அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தில் உறுதியானதும் அவர்கள் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பதிவு, இரத்தப் பரிசோதனை, காசநோய் இருக்கிறதா என்ற சோதனை. காசநோயோ மூளைக்காய்ச்சலோ இருந்தால் மட்டும் சில வாரம் தள்ளி ஆரம்பிப்பார்கள். கையில் ஒரு பச்சைப் புத்தகம் தருவார்கள். அதைப் பத்திரமாக வைத்திருங்கள், வெளியூர் போனால் வேறு மையத்தில் மாத்திரை வாங்க அதுதான் உதவும். இப்போது பெரும்பாலான பெரியவர்களுக்குத் தருவது டி.எல்.டி., அதாவது டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. நாளைக்கு ஒன்று.

மூன்றாம் படி: தினமும், தவறாமல்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான்.

மாத்திரை எச்.ஐ.வி.யைக் கொன்று வெளியே தள்ளுவதில்லை. அது பெருகாமல் அமுக்கி வைக்கிறது. கை எடுத்தால் மேலே வந்துவிடும். மருந்தை நிறுத்திய இரண்டு முதல் நான்கு வாரத்தில் இரத்தத்தில் வைரஸ் மறுபடி ஏறிவிடும். உடம்பில் எந்த அறிகுறியும் தெரியாது, ஆனால் துணைக்குப் பரவும் ஆபத்து திரும்பியிருக்கும். விட்டுவிட்டுப் போட்டால் இன்னொரு கஷ்டம்: வைரஸ் மருந்துக்குப் பழகி, அதே மாத்திரை பிறகு வேலை செய்யாமல் போகலாம்.

நேரத்தை ஏதாவது ஒரு பழக்கத்தோடு முடிச்சுப் போடுங்கள். காலை டீ, இரவுச் சாப்பாடு, சீரியல் முடியும் நேரம், எதுவானாலும். டி.எல்.டி.யைச் சாப்பிட்ட பிறகும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம். அதனால் விரதம், நோன்பு என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. ரமலான் நோன்பில் சஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்றிக்கொள்ளலாம். சிலருக்கு டோலுடெகிராவிர் தூக்கத்தைக் கெடுக்கும். அவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் காலைக்கு மாற்றலாம், சொல்லாமல் நிறுத்த வேண்டாம்.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளைக்கு நாலு மணி நேரம்கூட இல்லை என்றால், விட்டதை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும். இரண்டை ஒன்றாகப் போட வேண்டாம்.

அசிடிட்டிக்குக் குடிக்கும் ஜெலுசில் மாதிரியான மருந்துகள் டோலுடெகிராவிரை வயிற்றிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், இரத்தத்துக்குப் போகவிடாது. அதைக் குடிப்பதற்கு 2 மணி நேரம் முன்போ, குடித்து 6 மணி நேரம் கழித்தோ எச்.ஐ.வி. மாத்திரையைப் போடுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதே இடைவெளிதான். இந்த இரண்டை மட்டும், சாப்பாட்டோடு என்றால் சேர்த்துப் போடலாம். இரும்புச்சத்து மாத்திரை போடும் கர்ப்பிணிகள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு டோலுடெகிராவிர் இன்னொரு வேளை கூடுதலாக வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுபவர்களுக்கு அதன் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். நாட்டு மருந்து எடுத்தாலும் மறைக்காதீர்கள். ஹெபடைட்டிஸ் பி-யும் உள்ளவர்கள் இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம்.

இன்னொன்று, கேட்டால் சின்ன விஷயம்போல இருக்கும். அந்த டப்பா ஆடினால் கிலுகிலு என்று சத்தம் போடும். பஸ்ஸில், மாமியார் வீட்டில், வேலை செய்யும் இடத்தில் அந்தச் சத்தத்துக்குப் பயந்து மாத்திரைகளை எல்லாம் காகிதத்தில் கொட்டி மடித்துக் கொண்டுபோவார்கள். டப்பாவுக்குள் இருக்கும் சிறு பொட்டலம் ஈரத்தை உறிஞ்சத்தான் வைத்திருக்கிறார்கள். காகிதத்தில் மாத்திரை ஈரம் ஏறிக் கெட்டுப்போகும். டப்பாவிலேயே கொஞ்சம் சுத்தமான பஞ்சைத் திணித்தால் சத்தம் வராது. லேபிள் தெரிகிறதே என்றால் மேலே ஒரு காகிதத்தை ஒட்டிவிடுங்கள்.

நான்காம் படி: வைரல் லோடு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள்

"சி.டி.4 ஏறிடுச்சு, இனி பரவாது" என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சி.டி.4 சொல்வது உங்கள் எதிர்ப்பு சக்தியைப் பற்றி. துணைக்குப் பரவுமா என்பதைச் சொல்வது வைரல் லோடு, அதாவது ஒரு மில்லி இரத்தத்தில் எத்தனை வைரஸ் என்ற எண்ணிக்கை. மருந்து தொடங்கி 6ஆம் மாதம், 12ஆம் மாதம், அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை அரசு மையங்களில் இலவசமாகப் பார்க்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் 'டார்கெட் நாட் டிடெக்டட்' என்று இருந்தாலோ, 20க்குக் கீழ், 40க்குக் கீழ் என்று இருந்தாலோ, கருவியால் கண்டறிய முடியாத அளவுக்கு வைரஸ் இறங்கிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் தொடர்ந்து இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் துணைக்குப் பரவுவதில்லை. குறையும் என்று சொல்லவில்லை, பரவுவதில்லை என்கிறேன். பார்ட்னர் என்ற ஐரோப்பிய ஆய்வில், ஒருவர் பாசிட்டிவாகவும் மற்றவர் நெகட்டிவாகவும் உள்ள, ஆணுறை இல்லாமல் உறவு வைத்த தம்பதிகளைப் பின்தொடர்ந்தார்கள். பாசிட்டிவானவர் மருந்தில் இருந்து வைரஸ் 200க்குக் கீழ் இருந்த காலத்தை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். 2016ல் வந்த முதல் முடிவில் சுமார் 58,000 உறவுகள், 2019ல் வந்த இரண்டாம் முடிவில் ஆண் தம்பதிகள் மட்டும் 782, உறவுகள் 76,000க்கு மேல். துணையிடமிருந்து தொற்றியது ஒருவருக்கும் இல்லை. ஆய்வுக் காலத்தில் சிலருக்குத் தொற்று வந்தது. வைரஸின் மரபணுவை ஒப்பிட்டபோது அது துணையின் வைரஸ் இல்லை, வெளி உறவில் வந்தது என்று தெரிந்தது. ஆணும் பெண்ணுமான தம்பதிக்கும், இரு ஆண்களுக்கும், திருநங்கைகளுக்கும் அவர்கள் துணைவர்களுக்கும் இது பொதுவான உண்மை.

200 முதல் 1000 வரை இருந்தால்? பரவும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் இலக்கு கண்டறிய முடியாத அளவுதான்.

அந்தப் பெட்டிக்கடைக்காரர் ஆறாம் மாத ரிப்போர்ட்டோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுல என்ன போட்டிருக்கு?" என்றார். அவர் என் முகத்தைப் பார்த்தார். படித்துச் சொன்னேன். "அந்தத் தனித்தட்டை நான் என்னைக்கோ எடுத்து அடுக்கிட்டேன் மேடம். இவருதான் இன்னும் திண்ணையில படுக்குறாரு" என்றார் அந்த அம்மா. அவர் தலைகுனிந்து சிரித்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

ஐந்தாம் படி: அதுவரை ஆணுறை, தேவைப்பட்டால் அதற்குப் பிறகும்

மருந்து தொடங்கி ஆறு மாதம் ஆகி, ரிப்போர்ட் கையில் வரும்வரை ஒவ்வொரு உறவிலும் ஆணுறை. அரசு மருத்துவமனைகளில் நிரோத் இலவசமாகக் கிடைக்கும். உறையில் காலாவதித் தேதி பாருங்கள். பர்ஸில் மாதக்கணக்கில் வைத்தால் சூட்டில் கெட்டு, போடும்போதே கிழியும். பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டாம். நுனியைக் கிள்ளிக் காற்றை எடுத்துவிட்டு, விறைப்பு வந்த பிறகு, உறவு தொடங்கும் முன்பே முழுவதும் உருட்டிப் போடுங்கள். முடிந்ததும் அடியைப் பிடித்துக்கொண்டே வெளியே எடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு போடுவது பாதுகாப்பு இல்லை, உரசிக் கிழியும்.

நம் வீடுகளில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய். எந்த எண்ணெயும், வாசலினும் ரப்பர் ஆணுறையைச் சில நிமிடத்திலேயே பலவீனமாக்கிவிடும். வழவழப்பு வேண்டுமென்றால் தண்ணீர் அடிப்படையிலான ஜெல் மருந்துக்கடையில் கேளுங்கள்.

வைரஸ் கண்டறிய முடியாத நிலைக்கு வந்த பிறகு ஆணுறையை விடுவதா வேண்டாமா என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். சிபிலிஸ், கொனேரியா போன்ற பால்வினை நோய்களையும் கர்ப்பத்தையும் மாத்திரை தடுக்காது. வேறு துணைகள் உண்டென்றால் ஆணுறையை விடாதீர்கள்.

ஆறாம் படி: துணையிடம் சொல்வது, துணைக்குப் பரிசோதனை

எல்லாவற்றிலும் கடினமான படி இது. பலர் இதைத் தள்ளிப்போட்டே மருந்தையும் தள்ளிப்போடுகிறார்கள், ஒளித்து வைத்து மாத்திரை போட முடியாததால். இரண்டையும் கட்டிவைக்காதீர்கள். மருந்தை இன்றே தொடங்குங்கள், சொல்வதற்கு ஒரு நாள் பாருங்கள்.

தனியாகச் சொல்லத் தைரியம் இல்லையென்றால் துணையை மையத்துக்கு அழைத்து வாருங்கள், ஆலோசகர் முன்னிலையில் சொல்லலாம். "யாருகிட்டேருந்து வந்துச்சு?" என்ற கேள்விக்குள் முதல் நாளே போகாமல், "எனக்கு இது இருக்கு, மருந்து சாப்பிடுறேன், உனக்கும் ஒரு டெஸ்ட் பார்த்துடலாம்" என்று தொடங்குவது நல்லது. யாருக்கு முதலில் வந்தது என்பதைப் பரிசோதனை சொல்லாது. முதலில் யார் டெஸ்ட் செய்தார்களோ அவர்தான் காரணம் என்று, குறிப்பாகக் கர்ப்பகாலப் பரிசோதனையில் தெரிந்த பெண்கள்மேல், எத்தனையோ வீடுகளில் பழி விழுந்திருக்கிறது. அது தவறு.

எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10ல் அமலுக்கு வந்தது. ஆலோசனை பெற்ற பாசிட்டிவ் நபர், துணைக்குப் பரவாமல் இருக்க நியாயமான முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அது. ஆபத்தைக் குறைக்கும் முறைகளைக் கடைப்பிடிப்பதும், முன்கூட்டியே தன் நிலையைச் சொல்வதும் அதில் அடங்கும். ஆனால் சொன்னால் அடி விழும், வீட்டை விட்டுத் துரத்திவிடுவார்கள் என்ற அச்சம் உள்ள பெண்ணுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அப்படி ஒரு நிலையில் இருந்தால் முதலில் ஆலோசகரிடம் சொல்லுங்கள், உங்கள் பாதுகாப்பே முதல் வேலை. துணையைத் தவிர உறவுக்காரர், வீட்டு ஓனர், முதலாளி யாருக்கும் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

துணையின் முதல் டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்தால் நிம்மதி, ஆனால் முடிவு இல்லை. புதிதாகத் தொற்றியிருந்தால் டெஸ்டில் தெரிய மூன்று மாதம்வரை ஆகலாம். அப்போது ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். துணையும் பாசிட்டிவ் என்றால், அவரும் அன்றே மருந்துக்குப் பதிவு செய்யட்டும்.

ஏழாம் படி: துணைக்கும் மருந்து உண்டு

ரிப்போர்ட் வருவதற்கு முன் ஆணுறை கிழிந்துவிட்டதா? கழுவிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். துணைக்கு 28 நாள் தடுப்பு மருந்து தரலாம். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஞாயிற்றுக்கிழமை என்றால் திங்கள்வரை பொறுக்காமல் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் 1097க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் இல்லை.

பாசிட்டிவானவரின் வைரஸ் இறங்கும்வரை, நெகட்டிவ் துணை தினமும் ஒரு மாத்திரை எடுத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் முறையும் இருக்கிறது. 'பிரெப்' என்று பெயர். அதற்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனையும் சிறுநீரகப் பரிசோதனையும் வேண்டும். மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

குழந்தை வேண்டும் என்றால்

வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வைரஸ் கண்டறிய முடியாத நிலையில் உறுதியான பிறகு, இருவருக்கும் பால்வினை நோய் இல்லை என்று பார்த்துவிட்டு, இயல்பாகவே கருத்தரிக்கலாம். பாசிட்டிவ் தாய் கர்ப்பகாலம் முழுவதும் மாத்திரையைத் தொடர வேண்டும். பிரசவம் மருத்துவமனையில்தான், பிறந்ததும் குழந்தைக்குத் தடுப்பு மருந்து, ஆறாம் வாரத்திலிருந்து பரிசோதனை.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். 'கண்டறிய முடியாது என்றால் பரவாது' என்பது உடலுறவுக்கான உறுதி. தாய்ப்பாலில் ஆபத்து மிகக் குறையும், ஆனால் முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. ஊசி பகிர்வதற்கும் அந்த உறுதி பொருந்தாது. தாய்ப்பால் பற்றிப் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரோடு பேசிவிடுங்கள்.

எண்ணிக்கை ஏறினால்

ஒரு ரிப்போர்ட்டில் 60, 90 என்று தலைகாட்டி அடுத்ததில் இறங்கிவிடுவது உண்டு, அதற்குப் பதற வேண்டாம். 1000ஐத் தாண்டினால் அன்றிலிருந்து மறுபடி ஆணுறை, துணைக்கும் டெஸ்ட். மையத்தில் திட்டுவார்களோ என்று மாத்திரை விட்டதை மறைக்காதீர்கள். விட்டது தெரிந்தால் அதே மருந்தை ஒழுங்காகக் கொடுத்துப் பார்ப்பார்கள். மறைத்தால் மருந்தே வேலை செய்யவில்லை என்று நினைத்துத் தேவையில்லாமல் மாற்ற நேரும். சுமார் மூன்று மாதம் தவறாமல் போட்ட பிறகு மறுபடி வைரல் லோடு எடுப்பார்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் அடுத்த கட்ட மருந்து இருக்கிறது, அதுவும் இலவசம்தான்.

அடுத்த வைரல் லோடு தேதியைப் பச்சைப் புத்தகத்தில் மட்டும் விடாமல் வீட்டு நாள்காட்டியிலும் ஒரு புள்ளி வைத்துக் குறித்துவையுங்கள். அந்தப் புள்ளி எதற்கு என்று வீட்டில் இருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.